வெயிலில் மட்டும் பழசான சட்டை

1

எழுபது நாளாக ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கு முன்னால் நாலு வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும், மஸ்கட்டில் மழை கொட்டி நாங்கள் தங்குகிற கேம்ப்புக்குள் முழங்கால் தண்ணீர் நின்ற நாளிலும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இன்று காலை பத்தேகால் இடைவேளையில் பேனாவைத் திறந்தபோது, ஏதோ திருடப் போகிறவன் மாதிரி சுற்றிலும் பார்த்துக்கொண்டேன்.

தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்குள் வந்து விழுகிற நம் வாரத்தாளில், நாலாம் பக்கத்தில், வளைகுடாவிலிருந்து எழுதுகிறவன் நான்தான். தினம் ஒரு பக்கம் எழுதுவேன். வாரம் முடிந்ததும் ஏழு பக்கத்தையும் போட்டோ எடுத்து ஆசிரியர் பிரபாகர் சாருக்கு அனுப்புவேன். அவர் ஒன்றைப் பொறுக்கி, பிழை திருத்திப் போடுவார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

எழுத ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பயம்தான். மனைவி மாலதி இரண்டு ரிங்கில் போனை எடுக்காவிட்டால், ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதிவிட்டது என்று முடிவே கட்டிவிடுகிற ஆள் நான். இங்கே வந்த புதிதில் கேஸை மூடினாளா, மகள் ஹரிணியின் ஸ்கூல் வேன் வந்ததா, மோட்டாரை நிறுத்தினார்களா என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஒரு நாள் அதையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்தேன். எழுதினால் கொஞ்சம் அடங்கியது. கவலையை எழுதப் போய்த் தெருவை எழுதினேன். தெருவை எழுதப் போய்த் தெருவில் இருப்பவர்களை எழுதினேன். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்த ஊரில் ஒன்பது வருஷமாக ஒருவரும் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதனால் விடமுடியவில்லை.

பிறகு புதுப் பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. இன்றைக்கு என்ன எழுதுவது?

2

இரண்டு வருஷத்தில் என் கையிருப்பில் இருந்த தாம்பரம் தீர்ந்துபோனது. ஸ்டேஷன் மேற்குப் பக்கத்துப் பூக்கடைகளை எழுதியாகிவிட்டது. சப்வேயில் தண்ணீர் நின்றதை மூன்று தடவை எழுதியாகிவிட்டது. இரும்புலியூர் பாலத்துக்கு அடியில் ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாகத் தொங்கியதையும் எழுதிவிட்டேன். இருக்கிற ஊரை எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுத முடியாத காரணம் ஒன்று இருந்தது. சொல்கிறேன்.

ஆகவே மாலதியைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், தெருவில் இன்று என்ன நடந்தது என்று கேட்பேன். தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது யாருடைய காம்பவுண்டை இடித்தது, டிரைவர் என்ன சொன்னான், வீட்டுக்காரர் என்ன சொன்னார். அவள் பாவம், அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சொல்வாள். அப்புறம் என்பேன். அப்புறம் என்ன அப்புறம், அவ்வளவுதான் என்பாள். இல்லை, அவர் முகம் எப்படி இருந்தது என்பேன்.

“நான் இன்னா உனுக்கு ரிப்போர்ட்டரா? சம்பளம் குடு, சொல்றேன்.”

ஒரு தடவை அவளுக்குத் தலைசுற்றி, ஹரிணியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, டோக்கன் நம்பர் கூப்பிடுகிற பெண்ணின் குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். மாலதி சற்று நேரம் பேசவில்லை. அன்றைய பக்கத்தில் டோக்கன் பெண்ணையும் எழுதினேன், அவள் பேசாமல் இருந்ததையும் எழுதினேன். வாரத்தாளில் அதுதான் வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள்.

இதை இப்போது எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது.

3

எங்கள் மொட்டை மாடிக்கும் எதிர்வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவில் ஒரு சந்துதான். எதிர்வீட்டு மாடிப் போர்ஷனில் ஓர் அக்கா குடியிருந்தார். கூடப் பிளஸ் டூ படிக்கிற மகள். அக்காவின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. வசந்தா என்று போடச் சொன்னவர் அவரேதான். “ஸ்கூல்ல எனுக்குப் புடிக்காதவ ஒருத்தி இருந்தா. அவ பேரப் போடு” என்றார். அவர் எங்கே வேலை பார்க்கிறார், எந்த ஊர்க்காரர் என்பதும் இதில் வராது.

அவர் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார் என்பது தெருவுக்குத் தெரிந்த கதை.

ஹரிணி வீடியோ காலில் பேசும்போது மாடிக்குப் போவாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அவளுக்குப் பின்னால் எதிர்மாடிக் கொடியில் ஓர் ஆண் சட்டை தொங்கும். வாரக்கணக்கில் பார்த்தேன். அதே சட்டை, அதே கிளிப். போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டச் சொன்னேன். “எதுக்குப்பா?” என்று முகத்தைச் சுளித்தாள். காட்டினாள்.

வேலைக்குப் போகிறவன் போட்டுக் கழற்றிய சட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலரின் உள்பக்கம் ஒரு கோடு விழுந்திருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் அது முழுதாகப் போகாது. முழங்கையில் துணி தளர்ந்திருக்கும். பேண்ட்டுக்குள் சொருகின இடம் தனியாகச் சுருங்கும். அந்தச் சட்டையில் இது எதுவும் இல்லை. காலர் கடையில் வாங்கிய நாள் மாதிரி விறைப்பாக நின்றது. ஆனால் இடது தோள்பட்டை மட்டும் வெளுத்திருந்தது. மாதக்கணக்கில் ஒரே பக்கமாக வெயிலைப் பார்த்துத் தொங்கிய வெளுப்பு. வெயிலில் மட்டும் பழசான சட்டை அது. அதை ஒரு மனிதனும் போட்டதில்லை.

மாலதியைக் கேட்டேன். தெரியாது என்றாள். மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள், என் தொல்லை தாங்காமல் சொன்னாள். கப்பலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஆள் விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. அக்கா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சட்டையை நனைத்துக் காயப்போட்டுவிட்டுப் போவார், சாயங்காலம் வந்து எடுப்பார். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. சிலிண்டர் போட வருகிறவன், கேபிள்காரன், சும்மா மேலே பார்க்கிறவன் எல்லாருக்கும் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

“உன் வாயிலேர்ந்து வெளிய வரக் கூடாது. அக்கா என்கிட்ட மட்டும்தான் சொல்லிச்சு” என்றாள்.

வாயிலிருந்து வரவில்லை. அடுத்த இடைவேளையிலேயே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். நாலு வருஷத்தில் அப்படி ஒரு பக்கம் எனக்கு வந்ததில்லை. பிரபாகர் சார் தானே போன் செய்தார். அந்த வாரமே போட்டார்.

பெயர் எழுதவில்லை, தெரு எழுதவில்லை. அது போதும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் சட்டையின் நிறத்தை எழுதியிருந்தேன். கட்டத்தை எழுதியிருந்தேன். கிளிப்பின் நிறத்தைக்கூட எழுதியிருந்தேன். நிறம் இல்லாவிட்டால் எழுத்தில் உயிர் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிக்கிறவர்கள் எங்கேயோ தூரத்தில் இருக்கிறார்கள் என்றே எனக்குப் பழகியிருந்தது. தூரத்தில் இருந்தது நான். அந்தத் தாள் அக்காவின் கேட்டுக்குள்தான் போய் விழுந்தது.

என்ன கண் சார் உங்களுக்கு என்று செய்தி மேல் செய்தி வந்தது. மாலதியிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. மூன்று நாள் போனை எடுக்கவில்லை. லாரி, மின்சாரம், மாடிப்படி என்று எல்லா விபத்தையும் நினைத்து முடித்தேன். நாலாம் நாள் அவள் குரல் பதிவு வந்தது.

“நல்லா எழுதிக்கீற. அக்கா படிச்சிச்சு. தெரு ஃபுல்லா படிச்சிச்சு. சந்தோசமா?”

அதற்குப் பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். பக்கத்துத் தெரு ஆள் ஒருவன் கேட்டருகில் நின்று, சார் ஷிப்பிலிருந்து எப்போது வருகிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் யாரோ ஏறிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். மகள் மட்டும் உள்ளே இருந்த நேரம். வீட்டு ஓனர் ஜனவரி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு மார்ச்சில் பப்ளிக் பரீட்சை.

அன்றோடு பேனாவை மூடினேன்.

4

பொங்கலுக்கு லீவு ஏற்கெனவே கேட்டிருந்தேன். பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருக்கும். அதை வாங்க மூன்று தாளில் கையெழுத்து. மூன்றிலும் என் பெயர் மூன்று விதமாக இருந்தது. இதனால் ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டால்? நிறுத்தி விசாரிக்கும்போது விமானம் போய்விட்டால்? பையின் ஜிப்பை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு உண்மையான பயம் வரிசையில் நிற்கும்போதுதான் வரும். எனக்குப் பின்னால் தாம்பரம் பக்கத்து ஆள் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். கவுன்டரில் இருப்பவர் என்ன வேலை என்று கேட்டால், என் குரல் தானாக இறங்கிவிடும்.

லாண்டரி. ஓட்டல்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிற லாண்டரியில் சட்டைக்குப் பிரஸ் போடுகிறவன் நான். பதினாலு வயதில் பல்லாவரத்தில் ஓர் இஸ்திரிக் கடையில் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே வேலைதான், மெஷின் மட்டும் பெரிசு. ஊரில் நான் சூப்பர்வைசர். கிளம்பும்போது வாய் தவறிச் சொன்னது அப்படியே நின்றுவிட்டது. மாலதிக்கு மட்டும் உண்மை தெரியும். என் பக்கங்களில் ‘ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்’ என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். அது துணி மடிக்கிற மேசை. இருக்கிற ஊரை எழுத முடியாத காரணம் இதுதான்.

வீட்டில் ஹரிணி “வாங்கப்பா” என்றாள். விருந்தாளிக்கு எடுக்கிற டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போனோடு உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டு வயது. நான் எழுதுவதை அவள் படித்ததில்லை. தமிழ் வாசிக்க நேரமாகிறதாம்.

மாடிக்குப் போனேன். எதிர்க்கொடியில் ஒன்றும் இல்லை. கீழே வந்ததும் மாலதி, ஓனரைப் போய்ப் பார் என்றாள்.

5

ஓனர் சார் ரிட்டையர் ஆனவர். கீழ்வீட்டில் மனைவியோடு இருக்கிறார். நான் பேரீச்சம்பழப் பெட்டியோடு போனேன். கதவைத் திறந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க ரைட்டர் சார். நீங்க வர்றதா மாலதி சொன்னா.”

காபி வந்தது. ஒரு ஃபைலை எடுத்துவந்தார். நாலு வருஷமாக வந்த என் பக்கங்களையெல்லாம் வெட்டி, துளை போட்டு, வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். மேலே இருந்தது சட்டை. சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

“இதைப் படிச்சப்போ கண்ணு கலங்கிடுச்சு தம்பி. அப்புறம்தான் ஸ்ட்ரைக் ஆச்சு, இது நம்ம வீட்டு மாடின்னு.”

என் ஆயுசில் பாராட்டைக் கேட்டு அப்படிக் கூசிப்போனதில்லை. காபி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மார்ச் வரைக்கும் அவர்களை விட்டுவைக்கும்படி கேட்டேன். பெண்ணுக்குப் பரீட்சை என்றேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. தான் கெட்டவன் இல்லை என்றார். கணவர் கப்பலில் இருக்கிறார் என்று சொல்லித்தான் குடிவந்தார்கள் என்றார். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று நடந்தால் யாரைக் கேட்பார்கள்? மனைவி கேட்கிறாள், பெங்களூரில் இருந்து பையன் போன் போட்டுக் கேட்கிறான். சொல்லிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க ஒண்ணு பண்ணுங்க. அது கற்பனைன்னு அடுத்த வாரம் ரெண்டு வரி போட்டுடுங்க. ஃபாரின்ல ஒரு பொசிஷன்ல இருக்கீங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. அதைக் காட்டி நானும் மார்ச் வரைக்கும் ஓட்டிடறேன்.”

எனக்கு உயிர் வந்தது. இரண்டு வரிதானே. அவர் வீட்டுப் படி இறங்குவதற்குள் இரண்டு வரியும் மனதில் வந்துவிட்டன. எழுபது நாளில் எனக்கு எழுத்து வந்தது அந்த ஒரு தடவைதான்.

6

அன்று சாயங்காலம் மாலதி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஹரிணி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போனோடு உட்கார்ந்திருந்தாள். எதிர்மாடிக்கு வசந்தா அக்கா வந்தார். இதுவரை போன் திரையின் மூலையில் பார்த்தவர். நேரில் பார்க்க இன்னும் உயரமாக இருந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓனர் சொன்னதை நல்ல செய்தி மாதிரி சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா கேட்டுக்கொண்டார். அப்படிப் போட்டால் இதுவரை படிக்காதவனும் பழைய பேப்பரைத் தேடி எடுத்துப் படிப்பான் என்றார். பாதிப் பேர் மறந்துகொண்டு வருகிறார்கள், நீ போய் ஞாபகப்படுத்து என்றார். கடைசியில் சொன்னதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“என் பேர்ல பொய் எழுதாத தம்பி. நான் சொன்ன பொய்யே எனுக்குப் போதும்.”

அக்கா போகவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும் என்றார்.

“மாலதி சொல்றதுக்கு முன்னாடியே நீ கண்டுபுடிச்சிட்டியாமே. எப்பிடி? அயர்ன்காரன் பொண்டாட்டி தெனம் மேல பாத்துக்கினுதான் போறா. அவளுக்கே தெரியல.”

எழுதுகிறவனுக்கு ஒரு பார்வை உண்டு என்று ஆரம்பித்தேன். எல்லாரிடமும் சொல்வது அதுதான். மாலதி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் பேச்சு பாதியில் நின்றது. பிறகு காலரைச் சொன்னேன். முழங்கையைச் சொன்னேன். இடது தோள் வெளுத்ததைச் சொன்னேன். தினமும் முந்நூறு சட்டை கையில் ஏறி இறங்குகிறது, அதனால் தெரியும் என்றேன்.

“ஆபீஸ்ல முந்நூறு சட்டையா?”

“ஆபீஸ் இல்லக்கா. லாண்டரி.”

ஹரிணி போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். அன்பான சிரிப்பு இல்லை அது.

“அப்ப நீயும் ஒரு சட்டையத் தொங்கவுட்டுக்கினுதான் கீற.”

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அதை எழுது என்றார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதை எழுது. என் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது, உன் விஷயம் மட்டும் ஏன் தெரியக்கூடாது என்று கேட்டார். இப்போது எழுதினால் ஓனர் என் பேச்சை மதிக்கமாட்டார், மார்ச் வரைக்கும் பொறுங்கள் என்றேன்.

“இது எனுக்காகச் சொல்றியா, உனுக்காகச் சொல்றியா?”

இரண்டும்தான். எது அதிகம் என்று எனக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரின் காரையைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளே போய்விட்டார். சந்துக்கு அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது ஹரிணி, தட்டைப் பார்த்துக்கொண்டே, “ஃபிரண்ட்ஸ்கிட்ட உங்களை மேனேஜர்னு சொல்லியிருக்கேன்பா” என்றாள். நான் சூப்பர்வைசர் என்றுதானே சொன்னேன் என்றேன்.

“சூப்பர்வைசர்லாம் சொன்னா யாரும் மதிக்க மாட்டாங்கப்பா.”

மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

7

ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். ஓனர் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். ஒரு தடவை அவர் செருப்பு வாசலில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தது.

போனபோது வெறுங்கையோடு போனேன். கற்பனை என்று எழுத முடியாது சார் என்றேன். அது நிஜம். அக்காவும் வேண்டாம் என்கிறார். தப்பு எழுதினவனுடையது. யார் கேட்டாலும் என்னைக் காட்டுங்கள், அந்தப் பெண் பரீட்சை எழுதி முடிக்கிறவரைக்கும் மட்டும் விடுங்கள். இதையெல்லாம் வழியில் பாடம் செய்துகொண்டே போயிருந்தேன். அதனால் தடுமாறாமல் சொல்லிவிட்டேன்.

அவர் வருத்தப்பட்டார். உங்களை மாதிரி ஒரு பொசிஷனில் இருப்பவர் ஏன் இதில் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். நிஜமான அக்கறையோடு கேட்டார். அங்கேயே சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பொசிஷனை வைத்துக்கொண்டே இன்னும் நாலு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். ஒருவேளை மார்ச் வரைக்கும் ஓடியிருக்கும். இன்றுவரை அதை நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் மாடியில் அக்கா கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது. சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார்.

“லாண்டரியா?”

“ஆமா சார்.”

“அப்போ ஆபீஸ், டேபிள்னு எழுதினதெல்லாம்?”

“துணி மடிக்கற டேபிள் சார்.”

அலமாரியில் இருந்த ஃபைல் பக்கம் அவர் கண் போய் வந்தது. “சரி, நீ போ. நான் பாத்துக்கறேன்” என்றார்.

‘வாங்க ரைட்டர் சார்’ என்று கூப்பிட்ட அதே வாய். ‘நீ’ என்றதில் எனக்கு வருத்தமில்லை, பதினாலு வயதிலிருந்து கேட்டுப் பழகியதுதான். ‘நான் பாத்துக்கறேன்’ என்றாரே, அதற்குத்தான் பயந்தேன். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மாத முடிவுக்கு நாலு நாள் முன்னால் எதிர்வீட்டு வாசலில் டெம்போ வந்து நின்றது. நான் ஓடினேன். ஃபிரிட்ஜின் ஒரு பக்கத்தைப் பிடிக்கப் போனபோது, “நீ வேணாம். மாலதி வரட்டும்” என்றார் அக்கா. எங்கள் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில், பாத்திர மூட்டை, துப்பட்டாவில் கட்டின கைடு புத்தகங்கள். அந்தப் பெண் புத்தகக் கட்டை டெம்போக்காரரிடம் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். பரீட்சை எழுதப் புது வீட்டிலிருந்து அவள் இரண்டு பஸ் மாறித் தாம்பரத்துக்கு வர வேண்டும்.

நான் லீவு போட்டுப் போய்ச் சாதித்தது இவ்வளவுதான்.

8

மஸ்கட்டுக்குத் திரும்பி வந்த பிறகு மாலதியிடம் தெருவைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா, தலைசுற்றல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “இன்னா, உனுக்கு ஒடம்பு சரியில்லியா?” என்றாள். ஹரிணி ஒரு நாள் போட்டோ அனுப்பினாள், யூனிஃபார்மில் இங்க் கறை. கீழே ஒரு கேள்விக்குறி மட்டும். எதை முதலில் தடவ வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கறை போனதா என்று தெரியாது.

இந்தக் கட்டுரையை ஐந்து இடைவேளையில் எழுதினேன். பத்தேகாலுக்கு ஆரம்பித்தால் பத்தரைக்கு விசில் ஊதிவிடுவார்கள். எழுதும்போது ஒன்று கவனித்தேன். இன்றைக்கு என்ன எழுதுவது என்ற பயம் வரவில்லை. ஸ்டீம் அடிக்கிற சத்தம், சட்டைப் பையில் மறந்து வந்த ஹோட்டல் அறைச் சாவி, ஒற்றைக் கண்ணால் காலரைச் சரிபார்க்கிற நேபாளத்துக்காரர் என்று ஒன்பது வருஷம் என் முன்னால் கிடந்தது. அதன்மேல் நானேதான் துணியைப் போட்டு மூடிவைத்திருந்தேன். பயம் போகவில்லை, வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. அந்த இரண்டு பஸ்ஸில் ஒன்று வராவிட்டால்? காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் வருகிறது.

ஓனர் சாருக்கு இதன் பிரதியைப் பிரபாகர் சார் மூலம் அனுப்பினேன். எந்த டிபார்ட்மென்டில் இருந்தார் என்பதை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

வசந்தா அக்காவுக்கு மூன்று இடைவேளையில் போன் போட்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். எடுப்பாரா என்றே சந்தேகமாக இருந்தது, எடுத்தார். சட்டையை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதிக்கோ. இனிமே அது வேலைக்கு ஆவாது” என்றார். புது வீடு இருக்கும் ஊரின் பெயரை எழுதியிருந்தேன், அதை அடிக்கச் சொன்னார். இரண்டு இடத்தில் அவரைப் ‘பாவம்’ என்று எழுதியிருந்தேன். “எட்த்துடு” என்றார். எடுத்தேன். பரீட்சை முடிகிறவரைக்கும் இது அச்சில் வரக் கூடாது என்றார். ஆகவே நீங்கள் இதைப் படிக்கும்போது கடைசிப் பரீட்சையும் முடிந்திருக்கும்.

எல்லாம் படித்து முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது.

“தம்பி, இந்த வூட்ல நான் இன்னா பண்ணி வெச்சிக்கீறன் தெரியுமா? யாராலயும் கண்டுபுடிக்க முடியாது” என்றார்.

பேனா என் கையில்தான் இருந்தது. தாளில் பாதிக்கு மேல் இடம் இருந்தது. விசில் ஊத இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

“சொல்லாதீங்கக்கா” என்றேன்.

குக்கர் இன்னொரு தடவை சத்தம் போட்டது. பிறகு, “பயந்துட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

என்ன செய்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.